ஒற்றைப்படை மாதத்து அரிப்பு

கிணத்துக்கடவிலிருந்து மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளைந்து போகும் இட்டேரி மண்பாதைகளில் ரூத்தின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால், தோட்டத்து வீடுகளான சாளைகளில் கிடக்கும் நாய்கள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பதினோரு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். மீட்டரைப் பார்த்துக் கைபேசியில் பதிவாள், வெள்ளை அட்டையில் யூனிட்டை எழுதிக் கொடுப்பாள், அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவாள். மின்வாரியத்தில் அவள் வேலைக்குக் கணக்கீட்டாளர் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அவள் ‘ரீடிங்கம்மா.’

ஜனவரி, மார்ச், மே என்று ஒற்றைப்படை மாதங்களில் அவளுக்குத் தோட்டத்துப் பக்கம் வேலை. இரட்டைப்படை மாதங்களில் ஊருக்குள், தெருத் தெருவாக. கேட்டால் தோட்டத்து மாதங்கள்தான் பிடிக்கும் என்பாள். ஊருக்குள் கதவைத் தட்டினால் பாதி வீட்டில் ஜன்னல் வழியாகக் கை மட்டும் வந்து அட்டையை நீட்டும். தோட்டத்தில் அப்படியில்லை. “உக்காந்து மோர் குடிச்சுப்போட்டுப் போங்க அம்மணி” என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

கணவன் தங்கராஜ் கோவை கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவர். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புவார். ஒரே மகள் லின்சி சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்.

ரூத்துக்கு அரிப்பு முதலில் வந்தது கண்ணிமையில். நாற்பத்தைந்து வயது முடிந்த வருடம், ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு வந்தது. தூசி விழுந்திருக்கும் என்று கழுவிவிட்டாள். ஒரு வாரத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவந்தது. பிறகு முழங்கை மடிப்பில், பிறகு மணிக்கட்டில். தோல் தடித்து, சொரசொரத்து, சொரிந்தால் நீர் கசிந்தது. மருந்துக்கடையில் கையை நீட்டிக் காட்டியதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்ட மூன்றாம் நாள் தோல் பட்டுப்போல் ஆனது. நிறுத்திய நான்காம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி வாங்கினாள், மறுபடி போட்டாள். அப்படியே எட்டு ட்யூப் தீர்ந்ததும் கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, வெயில் பட்டாலே எரிய ஆரம்பித்தது.

தங்கராஜ் அந்த ட்யூபின் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு ட்யூபைக் குப்பையில் போட்டார்.

“இனி இந்தக் கெரகம் வேண்டாம் ரூத்து. இயற்கையிலயே பாத்துக்கலாம். நான் பாத்துக்கறேன்.”

சொன்னபடி பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கைபேசியில் மூலிகை வீடியோக்கள்தான். வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் ஏதாவது இலை இருக்கும். இஞ்சி இடிக்கிற சின்ன உரல் மருந்து உரலாக மாறியது. காயில் சுற்றுகிறவருக்குக் கணக்கு தவறக் கூடாது, ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் புகைந்துவிடும். அதே கறாரோடு சர்ச்சில் கொடுத்த மாதக் காலண்டரில் தேதி போட்டு எழுதி வைத்தார். ‘கற்றாழை ஆரம்பம்.’ ‘குப்பைமேனி ஆரம்பம்.’ ரூத்தும் தன் பங்குக்குத் தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் ஓர் எண்ணைக் குறிப்பாள். பத்துக்கு எத்தனை அரிப்பு என்று. மீட்டர் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

ஜனவரியில் எட்டும் ஒன்பதுமாக ஓடியது. பிப்ரவரியில் கற்றாழைச் சோறு தடவினார்கள். பத்தே நாளில் மூன்றுக்கு இறங்கியது. தங்கராஜ் பட்டறையில் பார்த்தவர்களிடமெல்லாம் கற்றாழை புராணம் பாடினார். மார்ச்சில் எண் மறுபடி எட்டுக்கு ஏறியது, கற்றாழையைக் கைவிட வேண்டியதாயிற்று. குப்பைமேனி இலையோடு மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசினார். வெடித்த தோலில் உப்புப் பட்டதும் ரூத் எழுந்து குழாயடிக்கு ஓடினாள்.

“ஏனுங்க, மீனுக்குத் தடவறாப்புல தடவறீங்களே!”

ஏப்ரலில் அருகம்புல்லைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சினார். அது கேட்டது. நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கி வந்தது. தங்கராஜ் ஒரு பெரிய பாட்டில் நிறையக் காய்ச்சி வைத்தார். மே மாதம் அதே எண்ணெய் கேட்கவில்லை. புல் முற்றியிருக்கும் என்றார். ஜூனில் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் குளிக்க வைத்தார். சூடு பட்டால் அரிப்பு அந்த நேரத்துக்கு அடங்குகிற மாதிரி இருக்கும், அரை மணி கழித்து இரட்டிப்பாக வரும். இருந்தாலும் காலண்டரில் எண் நான்கைத் தாண்டவில்லை. அவர் மறுபடி நிமிர்ந்து நடந்தார்.

வலியை ரூத் பொறுத்துக்கொண்டாள். பிறத்தியார் பார்வையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜூன் மாதம் ஊருக்குள் ஒரு வீட்டில் அட்டையில் எழுதித் திருப்பிக் கொடுத்தபோது, அந்த வீட்டுப் பெண் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “அப்படியே செவுத்து மேல வெச்சுருங்க, நான் எடுத்துக்கறேன்” என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. ரூத் சுற்றுச்சுவர் மேல் அட்டையை வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் தேடி எடுத்து அதன்மேல் வைத்தாள். வண்டியில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அடுத்த நாள் முதல் அட்டையை நுனியில் பிடித்து நீட்டப் பழகிக்கொண்டாள்.

ஜூலையில் தங்கராஜ் கொண்டுவந்தது வெட்டுக்காயப் பூண்டு. வேலியோரம் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னப் பூ பூத்துக் கிடக்கும். காயம் பட்டால் கசக்கிப் பிழிவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். இது யாரையும் கெடுத்ததில்லை, இதற்குப் பக்கவிளைவே கிடையாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம். கழுத்தில் பூசினார். நன்றாக இருக்கட்டும் என்று இமையின் மேலும் விரலால் ஒரு தொடு தொட்டார்.

காலையில் ரூத்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. கழுத்து முழுவதும் கொப்புளம். தடவிப் பார்த்துக்கொண்டு, “ஏனுங்க, விடிஞ்சுருச்சுங்களா?” என்று கேட்டாள். தங்கராஜ் அவள் முகத்தைப் பார்த்ததும் பட்டறைக்கு லீவு சொல்லி, அவள் கையைப் பிடித்து நடத்திப் பஸ் ஏற்றி, கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். பஸ் சுந்தராபுரம் தாண்டியபோது, “என்ர கையாலயே செஞ்சுபோட்டேன்” என்றார். ரூத் கண் தெரியாமலே அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

டாக்டர் பெயர் ஹாரிகா. முப்பத்தைந்து வயதிருக்கும். பரபரப்பில்லாமல் பேசுகிறவர். வீக்கத்துக்கு ஊசியும் மாத்திரையும் எழுதினார். ரூத்தின் கழுத்தை, இமையை, முழங்கை மடிப்பை விளக்கு வைத்துப் பார்த்தார். ரவிக்கைக்குள் மறைந்த தோளையும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

“துணி மூடின இடத்துல இல்ல. வெளிய தெரியற இடத்துல மட்டும் இருக்கு. நீங்க என்ன வேலை பார்க்கறீங்கம்மா?”

“கரண்டு ரீடிங் எடுக்கறனுங்க.”

“எப்ப அதிகமாகும், எப்ப குறையும்?”

“அது மருந்தைப் பொறுத்துங்க” என்று தங்கராஜ் முந்திக்கொண்டார். “கற்றாழையும் அருகம்புல்லும் கேட்டுச்சுங்க. குப்பைமேனி கேக்கலீங்க. எல்லாம் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேனுங்க.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “எழுதி வெச்சிருக்கீங்களா? அடுத்த வாரம் வரும்போது அதைக் கட்டாயம் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் எந்த இலையும் வேண்டாம்.”

நான்கு நாளில் கண் திறந்தது. வீக்கம் வடிந்த அன்று மாலை ரூத் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாள்களைப் புரட்டினாள். எட்டு, ஒன்பது. அடுத்த தாளில் மூன்று, இரண்டு. அடுத்த தாளில் எட்டு. அடுத்ததில் மூன்று. மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். இரண்டாம் முறை புரட்டும்போது அவள் எண்களைப் பார்க்கவில்லை, மாதத்தின் பெயரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இங்க வாங்க.”

தங்கராஜ் அடுப்படியிலிருந்து வந்தார்.

“கற்றாழை எந்த மாசம் கேட்டுச்சு?”

“பிப்ரவரி.”

“பிப்ரவரியில நான் எங்க ரீடிங் எடுத்தேன்?”

“ஊருக்குள்ள.”

“அருகம்புல்லு?”

“ஏப்ரல்ல” என்றவர் நிறுத்தினார். “ஏப்ரல்லயும் ஊருக்குள்ளதான்.”

“வேப்பந்தண்ணி ஜூன். அப்பவும் ஊருக்குள்ளதானுங்க. குப்பைமேனி மார்ச்சு, அப்ப தோட்டத்துல. அதே அருகம்புல்லு எண்ணெய் மே மாசம் கேக்கல பாருங்க, அப்பவும் நான் தோட்டத்துல.” ரூத் காலண்டரை மூடினாள். “மருந்து கேட்டதும் இல்லீங்க, கேக்காததும் இல்லீங்க. தோட்டத்துப் பக்கம் எதுவோ எனக்கு ஆகறதில்ல.”

தங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். காலண்டரை வாங்கி ஒவ்வொரு தாளாகத் தானும் புரட்டினார். பிறகு, “அப்ப நான் ஏழு மாசம் அரைச்சதெல்லாம்?” என்றார்.

“நீங்க தேதி போட்டு எழுதலைன்னா இது எப்படித் தெரியுமுங்க?”

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

காலண்டரைப் பார்த்து டாக்டர் ஹாரிகா வாய்விட்டுச் சிரித்தார். நோயாளிகள் இப்படி எழுதி எடுத்து வருவதற்குத் தான் காத்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். தோல் இன்னும் ஆறட்டும் என்று சில வாரம் கழித்து வரச் சொன்னார். மறுபடி போன திங்கட்கிழமை, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, ரூத்தின் முதுகில் சின்னச் சின்ன வட்டங்கள் உள்ள பட்டைகளை ஒட்டினார். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு பொருள். இரண்டு நாள் நனையக் கூடாது.

“புதன்கிழமை பட்டையை எடுப்போம். வெள்ளிக்கிழமை இன்னொரு ரீடிங் பார்க்கணும்.”

“ரீடிங்குங்களா?” என்று ரூத் கேட்டாள். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவளும் மனம் விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. பார்த்தீனியம்.

இட்டேரியின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற அதே செடி. அரிசி உடைத்த மாதிரி வெள்ளைப் பூ. தோட்டத்து மாதங்களில் ரூத் தினமும் அதை விலக்கிக்கொண்டுதான் மீட்டர் பெட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொட வேண்டும் என்பதுகூட இல்லை, காய்ந்த செடியின் தூசியும் மகரந்தமும் காற்றில் வந்து தோலில் படிந்தாலே போதும் என்று டாக்டர் சொன்னார். எக்ஸிமா என்கிற இந்தத் தோல் அழற்சி இமையிலும் கழுத்திலும் மடிப்பிலும் வந்தது அதனால்தான். வருடக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் உடம்பு ஏற்காமல் போய்விடுமாம்.

“நீங்க கடைசியா வெச்ச வெட்டுக்காயப் பூண்டும் இதே குடும்பத்துச் செடி. உங்க உடம்புக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும். செவ்வந்திப் பூவையும் தள்ளியே வையுங்க.”

தங்கராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அப்ப இயற்கை வைத்தியமே ஆகாதுங்களா டாக்டர்?”

“பார்த்தீனியமும் இயற்கைதானுங்களே சார்” என்றார் டாக்டர். தங்கராஜ் முகம் வாடியதைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டார். “வீட்டுல நீங்க செய்யறதுதான் இதுல பெரிய வேலை. நான் குடுக்கற களிம்பு அதிகமாகிற சமயத்துல, சொன்ன நாளுக்கு மட்டும். மீதி நாள் முழுக்க உங்க கையிலதான் இருக்கு. அருகம்புல் எண்ணெய் காய்ச்சுனீங்கல்ல, அதுல புல்லை விட்டுருங்க, எண்ணெயை மட்டும் வெச்சுக்கங்க.”

அதன்பிறகு அந்த வீட்டில் வைத்தியம் மிகவும் எளிமையாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வந்ததும் ரூத் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போவாள். உடுத்தியிருந்த துணி தனி வாளிக்கு. வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், ஐந்து நிமிடக் குளியல், சோப்பு அக்குளுக்கும் காலுக்கும் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசிக்கொள்வாள். அரிப்பு மிஞ்சினால் பழைய வெள்ளை வேட்டித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் போடுவார் தங்கராஜ். நகம் வாரா வாரம் வெட்டினார்கள். தங்கராஜுக்கு ஆரம்பத்தில் கை பரபரத்தது. எண்ணெயில் ஒரு வில்லை கற்பூரமாவது போடலாமே என்பார். “டாக்டர் என்னங்க சொன்னாங்க?” என்பாள் ரூத். அவர் கற்பூர டப்பாவை மூடி வைப்பார்.

துணி காயப்போடும் கொடியைப் பற்றி யோசித்ததும் அவர்தான். வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்று கிடந்தது. அதில் பார்த்தீனியம் காடாக மண்டியிருந்தது. அந்தப் பக்கச் சுவரோரம்தான் கொடி. துவைத்த துணியெல்லாம் அந்தக் காற்றிலேயே காய்ந்து, அப்படியே ரூத்தின் உடம்புக்கு வந்துகொண்டிருந்தது. ஊருக்குள் வேலை பார்த்த மாதங்களிலும் எண் ஏன் இரண்டுக்குக் கீழே போகவில்லை என்பது அப்போது புரிந்தது. அன்றே கொடியைக் கழற்றி முன்பக்கம் கட்டினார்.

செப்டம்பர் வந்தது. தோட்டத்து மாதம். ரூத் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். கையுறை, தலையையும் கழுத்தையும் சுற்றிப் பருத்தித் துணி, முகத்துக்கு ஹெல்மெட் கண்ணாடி. அங்கப்பன் தோட்டத்துச் சாளையில் வண்டியை நிறுத்தியதும் பதினோரு வருடப் பழக்கமுள்ள நாய் எகிறிக் குதித்துக் குரைத்தது.

“ஆருங்க அது?” என்று களத்திலிருந்து அங்கப்பன் கத்தினார். அறுபதை நெருங்கியவர். ஏழு ஏக்கர் தென்னைக்குச் சொந்தக்காரர்.

“நானுங்க, ரீடிங்கு!”

“அட, ரீடிங்கம்மாளா! தேன் எடுக்கப் போறவங்களாட்டம் வந்திருக்கறீங்க, அடையாளமே தெரியலீங்க.”

மீட்டர் பெட்டி சாளையின் பின்சுவரில். அங்கே போகிற வழி முழுவதும் வெள்ளைப் பூ. ரூத் நின்ற இடத்திலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். இந்தச் செடி தனக்கு ஆவதில்லை, மீட்டரைச் சுற்றி மட்டுமாவது சுத்தம் செய்து கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று.

“எத்தனை புடுங்கினாலும் மொளைக்குதுங்களே அம்மணி. மாடுகூட வாயை வெக்கறதில்ல” என்று சலித்துக்கொண்டார் அங்கப்பன். பிறகு ஏதோ நினைத்தவராக, “அரிப்புன்னா எப்படீங்க? எங்கெங்க வரும்?” என்று கேட்டார்.

“கண்ணிமை, கழுத்து, மொழங்கை மடிப்பு. வெயில்ல போனா நொம்ப எரியும்.”

அங்கப்பன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். கழுத்துத் தோல் கறுத்து, யானைத் தோல் போல வரிவரியாகத் தடித்திருந்தது.

“நாலு வருசமுங்க. போர்த்தண்ணி உப்புன்னு நெனச்சுட்டு, குளிக்கறதுக்கு லாரித் தண்ணி வாங்கிட்டிருக்கறேன். ஊட்டுல எல்லாரும் அதே தண்ணியிலதான் குளிக்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் வரலீங்களேன்னு ஒரு நாளும் யோசிக்கல பாருங்க.” அவர் குரல் தாழ்ந்தது. “இதுக்கு என்ன எலைங்க வெக்கணும்?”

“எலை வேண்டாமுங்க. மொதல்ல இதுதானான்னு டாக்டர்கிட்டக் காட்டுங்க. எனக்கு இருக்கறதுனால உங்களுக்கும் அதேன்னு நான் சொல்ல முடியாது.” ரூத் டாக்டர் ஹாரிகாவின் பெயரையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அங்கப்பனின் அட்டையில் யூனிட்டை எழுதி, நுனியில் பிடிக்காமல் கையை நேராக நீட்டிக் கொடுத்தாள். அவரும் கையால் வாங்கிக்கொண்டார்.

அங்கப்பன் உணர்ச்சிவசப்படுகிற ஆள். டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே, மறுநாள் காலையில், புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பூத்து நின்ற செடிகளுக்கு நடுவே இறங்கிவிட்டார். மூன்று மணி நேரத்தில் சாளையைச் சுற்றித் தரைமட்டம். சுழலும் கத்தி செடியைத் தூளாக்கி, பூவும் சாறுமாகக் காற்றெல்லாம் வாரி இறைத்தது. மாலையில் அவர் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மருமகள் ரூத்துக்கு போன் செய்து, “உங்க பேச்சைக் கேட்டுத்தானுங்க இப்படி ஆச்சு” என்று கடிந்துகொண்டாள்.

ரூத் அன்றே தங்கராஜைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்த அங்கப்பன் கண்ணைத் திறக்க முடியாமல், குரலை வைத்து அடையாளம் கண்டு, “வாங்க அம்மணி. இதுதான்னு தெளிவாத் தெரிஞ்சுபோச்சுங்க, அந்த மட்டுக்கும் லாபம்” என்றார். பக்கத்தில் நின்ற மருமகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கராஜ் அடுப்படிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரும் வெள்ளைத் துணியும் வாங்கி வந்து, நனைத்துப் பிழிந்து, அவர் நெற்றியிலும் கன்னத்திலும் போட்டார். மற்றவை காலையில் டாக்டரிடம்.

எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்தார்கள். விவசாய அலுவலகத்தில் கேட்டதற்கு, பூத்த பிறகு வெட்டக் கூடாது, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூ விடுவதற்கு முன்னால், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும் என்றார்கள். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி முளைக்கும், ஆவாரையும் கொழிஞ்சியும் விதைத்துவிட்டால் அவை முந்திக்கொண்டு இடத்தைப் பிடிக்கும் என்றார்கள். ஐப்பசி மழைக்கு அங்கப்பனும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஆள் விட்டுப் பிடுங்கினார்கள். டாக்டரும் பார்த்தீனியம்தான் என்று உறுதி செய்துவிட்டதால் அங்கப்பன் களத்துப் பக்கமே வரவில்லை. சாளைக்குள் உட்கார்ந்துகொண்டு போனிலேயே மேற்பார்வை பார்த்தார்.

செடி அதிகம் பூக்கும் நவம்பர் மாதத்துக்கு மட்டும் ரூத் சக ஊழியர் தம்பிதுரையிடம் மாற்றிக் கேட்டாள். அவர் தோட்டத்துப் பக்கம் போவது, அவள் அவருடைய தெருக்களை எடுத்துக்கொள்வது. அதிகாரி சம்மதித்தார். “மொத்தமா ஊருக்குள்ளயே போட்டுரட்டுமாம்மா?” என்றும் கேட்டார். ரூத் ஒரு நாள் யோசித்தாள். “வேண்டாமுங்க சார். ஜனவரியில நானே போறேன்” என்றாள்.

ஜனவரியில் போனாள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இருந்தன. நாய்கள் இரண்டு நாள் குரைத்துவிட்டு இந்த உருவத்துக்கும் பழகிக்கொண்டன. சில சாளைகளில் மீட்டருக்குப் போகும் வழி பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது. சிலதில் பழையபடி காடுதான். அங்கெல்லாம் வண்டியை நிறுத்தி, யாரையாவது வழி விலக்கச் சொல்லிவிட்டுப் போவாள். மாதக் கடைசியில் காலண்டரைப் பார்த்தாள். பெரும்பாலும் இரண்டும் மூன்றும். இரண்டு நாள் ஆறு. அந்த ஆறு எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். வெயிலில் கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டு ஓர் இட்டேரி முழுக்கப் போன நாள். களிம்பை ஐந்து நாள் போட்டாள், நிறுத்தினாள். அது திரும்பி வரவில்லை. முழுதாக விட்டுப் போகிற நோயில்லை, அடக்கி வைத்துக்கொண்டு வாழ வேண்டியதுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மோட்டாருக்கும் அப்படித்தான், அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருந்தால் ஓடும் என்று தங்கராஜ் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

கன்னத்துத் தோல் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பியது. லின்சி வீடியோ காலில் பார்த்துவிட்டு, “அம்மா, என்ன க்ரீம் போடறீங்க?” என்று கேட்டாள். “உங்கப்பாவைக் கேளு” என்று கைபேசியை அவரிடம் கொடுத்தாள் ரூத். அவர் அரை மணி நேரம் தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசினார்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. மண் ஊறிய ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்து சாப்பிட்டு முடித்ததும் தங்கராஜ் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்துக் காலி மனையில் இறங்கினார். மனைக்காரரிடம் போனில் சொல்லியாயிற்று. விரல் நீளத்துக்குப் புதுக் கன்றுகள், இன்னும் பூ விடவில்லை, தொட்டால் வேரோடு வந்தன. ரூத் பத்தடி தள்ளி, காற்று அவள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி பார்த்து, நிறுத்திய ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கல்லுக்கு அக்கட்டால ரெண்டு நிக்குதுங்க.”

“பாத்துட்டேன்.”

“பாத்தா பத்துமுங்களா? புடுங்குங்க.”

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து என்னவென்று விசாரித்தார். சொன்னதும் அவரும் வேட்டியை மடித்துக் கட்டினார். தங்கராஜ் அவரைத் தடுத்து, முதலில் கைக்கு ஏதாவது மாட்டிக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பினார். நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டவர் காற்று இப்போது ரூத் இருந்த பக்கமாக வீசுவதை உணர்ந்தார்.

“ரூத்து, காத்து திரும்பிருச்சு. வண்டியை இக்கட்டால கொண்டா.”

ரூத் ஸ்கூட்டரைக் கிளப்பி மனையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நிறுத்தினாள். அங்கிருந்து பார்த்தால் இன்னும் நிறையக் கன்றுகள் தெரிந்தன. அவள் ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள்.